நாஸ்கார் ஓட்டுநர் ஆக நான்கு வழிகள்: எதில் இறங்கலாம், எதில் கை சுடும்

நான் இருப்பது வட கரோலினாவில், கான்கார்டில். சார்லட் மோட்டார் ஸ்பீட்வே வீட்டிலிருந்து பத்து நிமிடம். மே மாதக் கடைசியில் 600 மைல் நாஸ்கார் பந்தயம் நடக்கும் ராத்திரி கொல்லைப்புறத்தில் நின்றால் சத்தம் கேட்கும். நாஸ்கார் என்பது அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை, அதாவது வெளியே பார்த்தால் சாலையில் ஓடும் கார் மாதிரியே இருக்கும் பந்தயக் கார்களின் போட்டிகளை, நடத்தும் அமைப்பு. வங்கி வேலைக்கும் ஐடி வேலைக்கும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மற்ற பிள்ளைகள் பாட்டு, பரதம், ஸ்பெல்லிங் பீ என்று போக, என் மகள் பத்து வயதில் பேண்டலேரோ ஓட்டுகிறேன் என்று கிளம்பினாள். பெரிய கோ-கார்ட்டுக்குக் கார் உடம்பு மாட்டிய மாதிரி ஒரு வண்டி அது, எட்டு வயதிலிருந்தே ஓட்டலாம். அதிலிருந்து எந்தப் பொங்கல் விழாவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணா, எங்க வீட்லயும் ஒருத்தன் இதே பிடிவாதம்தான். எந்த வழியில போறது, எவ்வளவு ஆகும்?" என்கிறார். ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில், எத்தனை நாற்காலி?

ஸ்டாக் கார் ஓட்டுவதையே பிழைப்பாக வைத்து நன்றாகச் சம்பாதிக்கும் இடம் என்றால் அது கப் சீரீஸ். அதில் சார்ட்டர் உள்ள கார்கள் 36. சார்ட்டர் என்றால் எல்லாப் பந்தயத்திலும் இடம் உறுதி என்று அர்த்தம். ஒரு பந்தயத்துக்குப் பொதுவாக அதிகபட்சம் 40 கார். தமிழ்நாட்டில் கலெக்டரே 38 பேர் இருக்கிறார்கள்! கலெக்டருக்காவது இரண்டு மூன்று வருடத்தில் மாற்றல் வரும், இங்கே டென்னி ஹாம்லின் 2006லிருந்து முழு சீசனும் அதே 11ஆம் எண் காரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அதற்குக் கீழே இரண்டு படி. எக்ஸ்ஃபினிட்டி என்று இருந்து 2026இல் ஓ'ரைலி என்று பெயர் மாறிய சீரீஸ் ஒன்று, பிக்கப் டிரக்குகள் ஓடும் டிரக் சீரீஸ் ஒன்று. இன்னும் கீழே ஆர்கா என்ற சீரீஸ். அதற்கும் கீழே, நாடு முழுக்கச் சனிக்கிழமை ராத்திரி நடக்கும் சின்னச் சின்ன ஓவல் (முட்டை வடிவ டிராக்) பந்தயங்கள். மேலே ஏறும்வரை இந்தப் படிகள் பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் சம்பளம் வாங்குவதில்லை, அவர்தான் பணம் கொண்டுவருகிறார். இது தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் வீட்டை அடமானம் வைக்கிறார்கள்.

எதை வைத்து எடை போடுவது

நான் நாலு கேள்வி கேட்பேன். பணம் யாருடையது, அது எத்தனை வருடம் தாங்கும்? கொடுக்கிற பணத்துக்கு ஸ்டீயரிங் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு? முடிவெடுக்கிற ஆள் யாராவது பார்க்கிற இடத்தில் பிள்ளை ஓட்டுகிறதா? கடைசியாக, இதுதான் முக்கியம்: இருபத்திரண்டு வயதில் "போதும், யாரும் கூப்பிடவில்லை" என்று நின்றுபோனால் கையில் என்ன இருக்கும்?

உடம்புக்கு ஆபத்து என்பது நிஜக் கார் ஏறும் எல்லா வழிக்கும் பொது, அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

வழி 1: உள்ளூர் டிராக், லேட் மாடல்

பழைய, நேரான வழி. பேண்டலேரோ, அப்புறம் லெஜண்ட்ஸ் (1930, 40களின் ஃபோர்டு, செவ்ரலே கார்களை எட்டில் ஐந்து பங்கு அளவில் செய்து யமஹா பைக் இன்ஜின் வைத்தது, 1992இல் இந்த ஊரில்தான் பிறந்தது), அதிலிருந்து லேட் மாடல் (உள்ளூர் ஓவல்களில் ஓடும் முழு அளவு ஸ்டாக் கார்). ஹிக்கரி, சவுத் பாஸ்டன், ஃபுளோரன்ஸ் என்று இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்துக்குள் டிராக்குகள். இந்தப் பக்கத்து லேட் மாடல் பந்தயங்களில் மேலானது கார்ஸ் டூர். 2023 தொடக்கத்தில், கப் சீரீஸில் ஓட்டிய டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர், கெவின் ஹார்விக், ஜெஃப் பர்ட்டன், ஜஸ்டின் மார்க்ஸ் நான்கு பேரும் சேர்ந்து அதை வாங்கினார்கள். பார்க்கிற கண் அங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

இந்த வழியில் வந்த ஆளுக்கு ஜாஷ் பெர்ரியைத்தான் காட்டுவேன். டென்னசியில் வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணிக்கொண்டிருந்தவர். ஆன்லைன் பந்தயத்தில் ஜூனியரோடு பழக்கம், அவர் லேட் மாடலில் ஏற்றினார். அப்புறம் கிட்டத்தட்ட பத்து வருடம் அதே லேட் மாடல்தான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஜெயிப்பார், மேலே இடம் வராது, ஏனென்றால் அவரிடம் ஸ்பான்சர் இல்லை. 2021இல் மார்ட்டின்ஸ்வில்லில் எக்ஸ்ஃபினிட்டி வெற்றி, 2024இல் கப் சீட், 2025 மார்ச்சில் லாஸ் வேகஸில் முதல் கப் வெற்றி. அப்போது வயது 34. இதைக் கேட்டு "பார்த்தியா, பொறுமை ஜெயிச்சுது" என்று சொல்லிவிடாதீர்கள், ஜூனியர் மாதிரி ஒரு ஆள் பின்னால் நின்றும் அவ்வளவு நாள் ஆனது.

சீக்கிரம் நடப்பதும் உண்டு. 2012இல் பென்சகோலாவில் ஸ்னோபால் டெர்பி என்ற லேட் மாடல் பந்தயத்தில் 16 வயது எரிக் ஜோன்ஸ், கப் சீரீஸில் பேர் பெற்ற கைல் புஷ்ஷையே தோற்கடித்தான். புஷ் அவனைத் தன் டிரக் அணிக்கு எடுத்துக்கொண்டார். ஒரே ராத்திரி. ஆனால் அந்த ராத்திரிக்கு முன்னால் எத்தனை செட் டயர் என்று யாரும் கேட்பதில்லை.

டயர்தான் இங்கே மறைந்திருக்கும் செலவு. லேட் மாடலுக்கு நாலு டயர் எழுநூறு எண்ணூறு டாலர், முன்வரிசையில் ஓடவேண்டுமென்றால் பந்தயத்துக்குப் பந்தயம் புதுசு. டிரெய்லர், அதை இழுக்கப் பெரிய வண்டி, டீசல், பிட் பாஸ், ஞாயிறு முழுக்க கராஜில் அப்பா. இன்னொன்று, பழைய வண்டி வாங்கும் ஆபத்து. எங்கள் முதல் லெஜண்ட்ஸ் காரை ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். பெயின்ட் பளபளவென்று இருந்தது. திருப்பத்தில் நன்றாகப் போகும், நேராக வந்தால் நண்டு மாதிரி ஒரு பக்கமாகவே நகரும். மகள் மூன்று வாரம் "நான்தான் சரியா ஓட்டலை போல" என்று அழுதாள். கடைசியில் பக்கத்து பிட்டில் இருந்த ஒரு பெரியவர் நூல் கட்டிப் பார்த்து, சட்டமே வளைந்திருக்கிறது என்றார். பின் சக்கரம் இரண்டும் முன் சக்கரத்தோடு ஒரு கோட்டில் இல்லை. நேராக்க ஆன செலவில் பாதிக் காரே வாங்கியிருக்கலாம். விற்றவர் போனை எடுக்கவில்லை. ஆக, வாங்கும் முன் ஒரு நூல்கண்டு எடுத்துப் போங்கள்.

இது யாருக்குச் சரி: டிராக் பக்கத்தில் இருக்கவேண்டும், வீட்டில் ஒருவருக்காவது ஸ்பேனர் பிடிக்க ஆசை இருக்கவேண்டும், பிள்ளை தோற்ற ராத்திரியும் டயர் கழற்ற வருகிறவனாக இருக்கவேண்டும். நின்றுபோனாலும் வண்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பிள்ளை மிஞ்சும்.

வழி 2: சீட்டை வாங்குவது

காசு கொடுத்தால் ஆர்காவிலோ டிரக்கிலோ ஓட்டலாம். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, அணிகளே விலை சொல்லும். ஒரு முழு டிரக் சீசனுக்கு மூன்று மில்லியன் டாலருக்கு மேல் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். அதனால் பலர் ஒன்று, இரண்டு பந்தயம் என்று சில்லறையில் வாங்குகிறார்கள்.

சில்லறையில் வாங்குவதுதான் மோசமான பேரம் என்பது என் கட்சி. பெரிய சீரீஸ் வார இறுதியில் பயிற்சி நேரம் அவ்வளவு குறைவு. உங்கள் பிள்ளை முதல் தடவை பார்க்கும் டிராக்கில் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, தகுதிச் சுற்றுக்குப் போய், இருபதாவது இடத்தில் ஆரம்பித்து, வேறு எவனோ சுழன்றதில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். அந்தப் பணத்தில் லேட் மாடலில் ஒரு முழு சீசன் ஓட்டியிருக்கலாம். ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருக்கும்: மோதல் சேதம் ஓட்டுகிறவர் பொறுப்பு. அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள், போன பந்தயத்துக்கு இன்னமும் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள்.

பணம் நின்றால் சீட்டும் நிற்கும், அது எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும். 2003 கப் சாம்பியன் மாட் கென்சத்துக்கே 2018இல் முழுநேரச் சீட் கிடைக்கவில்லை. அவர் இடத்துக்கு வந்தது, மேலே சொன்ன அதே எரிக் ஜோன்ஸ். இளம் ஓட்டுநருக்குச் சம்பளம் குறைவு, கணக்கு அவ்வளவுதான்.

இது சரியாக வரும் இடம் இரண்டு. ஒன்று, வீட்டில் ஒரு வியாபாரம் இருந்து, அதற்கு இந்த விளம்பரம் நிஜமாகவே பயன்படும் என்றால் (அமெரிக்கா முழுக்க வாடிக்கையாளர் உள்ள வியாபாரம், ஒற்றை மளிகைக் கடை இல்லை). இரண்டு, பிள்ளை ஏற்கெனவே லேட் மாடலில் ஜெயித்துக்கொண்டிருந்து, மேலே ஒரே ஒரு பந்தயத்தில் காட்டினால் போதும் என்ற நிலை இருந்தால். டொயோட்டா மாதிரி ஒரு கார் நிறுவனமோ, சிறுபான்மையினரையும் பெண்களையும் ஓட்டுநராக வளர்க்க நாஸ்கார் தொடங்கிய டிரைவ் ஃபார் டைவர்சிட்டி மாதிரி ஒரு திட்டமோ செலவை ஏற்றால் அது வேறு விஷயம், கண்ணை மூடிக்கொண்டு போங்கள். மெக்சிகோவின் மான்டெர்ரேயிலிருந்து வந்த டேனியல் சுவாரெஸ் அப்படி வந்துதான் 2016இல் எக்ஸ்ஃபினிட்டி சாம்பியன் ஆனார்.

ஸ்பான்சர் தேடுவதும் தொழிலில் பாதி என்று ஏற்றுக்கொள்ளுங்கள். கார்ல் எட்வர்ட்ஸ் மிசௌரியில் தற்காலிக ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே, ஓட்டுநர் வேண்டுமா, நான் இருக்கிறேன் என்று விசிட்டிங் கார்டு அடித்து டிராக் டிராக்காகக் கொடுத்துவந்தவர். நம் பிள்ளைகளுக்கு வேகம் வந்துவிடும், முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரிடம் கை குலுக்கி ஐந்து நிமிடம் பேசச் சொன்னால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

வழி 3: சிமுலேட்டர்

பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். வில்லியம் பைரன் வந்து வாயை அடைத்துவிட்டார். வீட்டில் கம்ப்யூட்டரில் ஐரேசிங் என்ற ஆன்லைன் பந்தய சிமுலேட்டர் ஓட்டி நூறுக்கும் மேல் ஜெயித்துவிட்டு, பதினைந்து வயது வாக்கில்தான் நிஜ லெஜண்ட்ஸ் காரில் ஏறினார். அந்த வயதில் மற்றவர்களுக்குப் பத்து வருட அனுபவம் இருக்கும். 2018இல் கப், 2024, 2025 இரண்டு வருடமும் தொடர்ந்து நாஸ்காரின் பெரிய பந்தயமான டேட்டோனா 500இல் வெற்றி. ராஜா கரூத்தும் ஆன்லைனில் ஓட்டித்தான் கண்ணில் பட்டு, 2024இல் லாஸ் வேகஸ் டிரக் பந்தயம் ஜெயித்தார். ஜாஷ் பெர்ரிக்குக் கதவு திறந்ததும் இதில்தான்.

செலவு? வருடச் சந்தா நூறு டாலரைச் சுற்றி. ஆரம்ப ஸ்டீயரிங், பெடல் முந்நூறு டாலருக்கு வரும். நல்ல செட், இருக்கை எல்லாம் சேர்ந்தால் இரண்டாயிரம், மூன்றாயிரம் வரை இழுக்கும். லேட் மாடலுக்கு நாலு செட் டயர் வாங்கும் காசு. டிராக்குகளை லேசர் வைத்து அளந்து செய்திருப்பதால் மேடு பள்ளம்கூட அப்படியே இருக்கும். ஓட்டும் நேரத்தைப் பார்த்தால் மற்ற எதுவும் பக்கத்தில் வராது.

இல்லாதது என்ன? என் மகள் சிமுலேட்டரில் சார்லட் கால் மைல் ஓவலைக் கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவாள். நிஜத்தில் முதல் ராத்திரி, ஐந்தாவது சுற்றில், பின்னால் இருந்தவன் பம்பரில் லேசாகத் தொட்டான். அவ்வளவுதான். அடுத்த மூன்று சுற்று முன்னால் யாருமே இல்லாத இடத்தில்கூடக் காலை எடுத்துவிட்டாள். பயம் என்பது வயிற்றில் இருக்கிறது, திரையில் வராது. சூடும் வராது, கப் காருக்குள் வெயில் நாளில் 50 டிகிரி செல்சியஸ் தாண்டும். இடுப்பு வழியாகக் கார் சொல்வதும் வராது. பின்பக்கம் வழுக்கினால் 'லூஸ்', முன்பக்கம் திரும்ப மறுத்தால் 'டைட்'. இதை நிஜக் காரில் உடம்புதான் முதலில் உணரும், திரையில் கண்தான் முதலில் பார்க்கும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அரை நொடியில் சுவர் வந்துவிடும்.

இன்னொரு உண்மை. பைரனுக்குச் சிமுலேட்டர் திறமையைக் காட்டியது, அதற்குப் பிறகு நிஜக் கார்ச் செலவை யாரோ ஏற்றார்கள். சிமுலேட்டர் உங்களை வழி ஒன்றின் வாசல் வரை கொண்டுவிடும், உள்ளே டிக்கெட் எடுப்பது தனி.

வழி 4: படிப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓட்டுவது

இதைச் சொன்னாலே பிள்ளைகள் முகம் சுருங்கும், அப்பா மறுபடி இன்ஜினியரிங்குக்கு வந்துவிட்டார் என்று. ஆனால் ஆலன் குல்விக்கி மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கியவர். சொந்த அணி வைத்து, தானே ஓட்டி, 1992இல் கப் சாம்பியன். அடுத்த ஏப்ரலில் விமான விபத்தில் போய்விட்டார், பாவம். ரையன் நியூமன் பர்டியூவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டே பந்தயம் ஓட்டினார், 2008 டேட்டோனா 500 ஜெயித்தார்.

கப் அணிகளில் பெரும்பாலானவை சார்லட்டைச் சுற்றித்தான்: ஹெண்ட்ரிக் கான்கார்டில், கிப்ஸ் ஹன்டர்ஸ்வில்லில், பென்ஸ்கி மூர்ஸ்வில்லில். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தில் மோட்டார்ஸ்போர்ட்ஸ் இன்ஜினியரிங்கே படிக்கலாம். ஓட்டுநர் சீட் 36 என்றால், அந்தக் காரைச் சுற்றி வேலை பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில், அவர்களுக்கு முதல் மாதத்திலிருந்தே சம்பளம். டி.ஜே. மேஜர்ஸ் ஓட்டுநராகத்தான் வந்தார். அவரும் ஜூனியரை ஆன்லைன் பந்தயத்தில் பழக்கம் பிடித்தவர். பிறகு ஸ்பாட்டர் ஆகி, மேடைக் கூரை மேல் நின்று ஜூனியருக்கும் அப்புறம் ஜோயி லகானோவுக்கும் "உள்பக்கம் ஆள், இன்னும் இருக்கான், சரி, போயாச்சு" என்று காதில் ஓதியவர். ஓட்டியிருந்தால்தான் அது வரும்.

குறை: இது ஓட்டுநர் ஆகும் வழி என்பதைவிட ஓட்டும் உலகத்தில் இருக்கும் வழி. பிள்ளைக்கு ஸ்டீயரிங் மட்டும்தான் வேண்டும் என்றால் ஏக்கமாகவே முடியும்.

ஒரே பார்வையில்

| | பணம் | ஓட்டும் நேரம் | பார்க்கும் கண் | நின்றுபோனால் மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| லேட் மாடல் | குடும்பத்துடையது, மெதுவாகக் கரையும் | நிறைய | கார்ஸ் டூர் வரை போனால் உண்டு | கைத்தொழில் |
| வாங்கிய சீட் | ஸ்பான்சர் இல்லையென்றால் வேகமாகக் கரையும் | குறைவு | உண்டு, தப்பும் தெரியும் | கடன், நல்ல புகைப்படங்கள் |
| சிமுலேட்டர் | சொற்பம் | அளவே இல்லை | முன்வரிசைக்கு வந்தால் | பெரிய இழப்பில்லை |
| படிப்போடு | கல்லூரிக் கட்டணம் | வார இறுதி மட்டும் | உள்ளிருந்தே | வேலை |

மண் டிராக் என்று ஐந்தாவதும் உண்டு. கைல் லார்சன், கிறிஸ்டோபர் பெல் இருவரும் ஸ்பிரின்ட், மிட்ஜெட் என்னும் சின்ன மண் டிராக் கார்களில் ஓட்டி கப் சீரீஸுக்கு வந்தவர்கள். ஓக்லஹோமா, இந்தியானா, கலிஃபோர்னியா பக்கம் இருந்தால் லேட் மாடலுக்கு முன்னால் அதைப் பாருங்கள், காரைக் கட்டுப்படுத்த அதைவிட நல்ல பள்ளி இல்லை என்பார்கள்.

உடம்பு, இன்சூரன்ஸ், விசா

2001 பிப்ரவரியில் ஜூனியரின் அப்பா டேல் எர்ன்ஹார்ட் டேட்டோனா 500 பந்தயத்தில் மோதி இறந்த பிறகு கழுத்தைப் பிடிக்கும் ஹான்ஸ் கருவி கட்டாயமானது, அதிர்ச்சி தாங்கும் சேஃபர் சுவர் வந்தது. அதற்குப் பிறகு மேல் மூன்று சீரீஸ் பந்தயங்களில் ஓட்டுநர் யாரும் சாகவில்லை. ஆனால் 2004 சாம்பியன் கர்ட் புஷ் 2022இல் போக்கனோவில் தகுதிச் சுற்றில் மோதி, தலையில் பட்ட அதிர்ச்சியோடு முழுநேர ஓட்டம் முடிந்தது. உங்கள் பிள்ளை ஓட்டப்போகும் சின்ன டிராக்குகள் பெரும்பாலானவற்றில் சுவர் வெறும் கான்கிரீட்தான். ஹெல்மெட், ஹான்ஸ், இருக்கை மூன்றிலும் செகண்ட் ஹேண்ட் வேண்டவே வேண்டாம். ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் மோட்டார் பந்தயம் ஓட்டுகிறீர்களா என்று கேட்பார்கள், பொய் எழுதாதீர்கள்.

நம்மவர்கள் மறக்கும் விஷயம் விசா. எச்-4இல் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளை இங்கே வேலை பார்க்க முடியாது. பரிசுப் பணம், ஸ்பான்சர் பணம் எல்லாம் அதில் எப்படி வரும் என்பதை முதல் காசோலைக்கு முன்னாலேயே குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். 21 வயதில் அந்த விசாவும் போய்விடும். சரியாக மேலே ஏறவேண்டிய வயது அது.

ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு: கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010இல் டிரக் சீரீஸ் ஓட்டினார், அந்த வருடத்தின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதும் ரசிகர்கள் ஓட்டில் அவருக்கே. ஆனால் அவர் ஃபார்முலா ஒன் வரை போய்விட்டு வந்தவர். ஊரில் ஓவல் கிடையாது, அங்கேயே கார்ட்டிங், கூடவே சிமுலேட்டர் என்பதுதான் இப்போதைக்கு வழி.

என்னைக் கேட்டால்

பதின்மூன்று வயதுப் பையனுக்கு: ஒரு வருடம் சிமுலேட்டர், விளையாட்டாக இல்லாமல் லீக் பந்தயமாக. அதில் தானே ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கோடைக்காலம் லெஜண்ட்ஸ் காரை வாடகைக்கு எடுங்கள், வாங்காதீர்கள். அப்புறம்தான் லேட் மாடல் பேச்சு. அதுவும் வீட்டு அடமானம், ஓய்வுக்காலச் சேமிப்பு இரண்டையும் தொடாமல். ஹாம்லின் வீட்டில் அடமானம் வைத்துதான் ஓட்டினார்கள், 2004இல் கிப்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அதே மாதிரி வைத்தும் யாரும் கூப்பிடாமல் போனவர்கள் பேட்டி கொடுப்பதில்லை.

என் மகளுக்கு இப்போது பதினாறு. போன மாதம் லெஜண்ட்ஸ் காரை விற்கலாமா என்று அவளே கேட்டாள், விற்று வரும் பணத்தில் ஒரு லேட் மாடலில் பாதிப் பங்கு வாங்கலாமாம், மீதிப் பாதி அவள் தோழி வீட்டார். அந்தக் காரைப் பார்க்க வரும் சனிக்கிழமை ஹிக்கரி பக்கம் போகிறோம். நூல்கண்டு காரில் இருக்கிறது.